சேற்றைக் காட்டி விற்பனை, சேற்றைச் சொல்லி மறுப்பு

கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்று ஊன்றினார்கள். அதற்குப் பிறகு பேரா மாநிலத்தின் உட்பகுதிகளில் எத்தனையோ மாறிவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் இடிந்தன. ஆனால் சுங்கை சிப்புட்டிலோ பத்து காஜாவிலோ பீடோரிலோ தார்ச்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் பாதை இன்னும் செம்மண்தான். மழை பெய்த மறுநாள் அந்தக் களிமண் டயரின் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். பிறகு டயருக்குப் பிடிப்பே இருக்காது. கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயலம்பங்களை ஒட்டிய பாதைகளிலோ வேறொரு தொல்லை. அங்கே மண் பொடிமணலாக எல்லா இடுக்கிலும் புகும்.

இந்தப் பாதைகளில் ஒரு காலத்தில் கம்பெனி லாரியும் துரையின் ஜீப்பும் மட்டும் ஓடின. இன்று தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகளே பிக்கப் வண்டி வாங்குகிறார்கள். செம்பனைக் குலை ஏற்றும் குத்தகை, பழைய இரும்பு வியாபாரம், காய்கறி விநியோகம், கோப்பெங் மலையடிவாரத்துக்குச் சுற்றுப்பயணிகளை அழைத்துப் போவது எல்லாவற்றுக்கும் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிதான். கடன் ஒன்பது ஆண்டு வரை நீளும். வாரண்டிக் காலம் அதைவிடக் குறைவு. அந்தக் குறைந்த காலத்துக்குள்ளேயே கிளட்ச் கருகினாலோ டிஃபரன்ஷியல் ஊளையிட்டாலோ ஆக்சல் முறிந்தாலோ சேவை மையத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: தவறான பயன்பாடு, வாரண்டி பொருந்தாது.

சேற்றில் போகும் என்று விற்ற வண்டியைச் சேற்றில் ஓட்டியது எப்படித் தவறான பயன்பாடு ஆகும்? சில சமயம் உண்மையிலேயே ஆகும். பல சமயம் ஆகாது. இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. உலோகமும் எண்ணெயும் அதைக் காட்டிக்கொடுக்கும். அந்தச் சான்று யார் கையில் போய்ச் சேருகிறது என்பதில்தான் வழக்கு முடிவாகிறது என்பது என் கருத்து.

முதலில் கொஞ்சம் வரலாறு. லேண்ட்ரோவர் வண்டி உலகத்தின் முன் வைக்கப்பட்டது 1948 ஏப்ரல் 30 அன்று, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். ஏழு வாரம் கழித்து, ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18இல் மலாயா முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் படை, போலீஸ், தோட்ட நிர்வாகம் என எல்லாரும் லேண்ட்ரோவரை நம்பியிருந்தார்கள்.

அந்த வண்டிக்கும் ஒரு பெயர்பெற்ற பலவீனம் இருந்தது. பின் ஆக்சலின் தண்டு முறியும். ஆனால் வடிவமைத்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். சக்கரத்தையும் வண்டியின் எடையையும் தாங்குவது ஆக்சல் உறை. உள்ளே இருக்கும் தண்டின் வேலை சுழற்றுவது மட்டும். அதனால் சக்கரத்தைக் கழற்றாமலே, மையத்திலுள்ள போல்ட்டுகளை அவிழ்த்துத் தண்டை வெளியே இழுத்துவிடலாம். மாற்றுத் தண்டு ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டியவர்கள் உண்டு. இன்றைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் தண்டு சுழற்றவும் வேண்டும், எடையையும் தாங்க வேண்டும். பேரிங்கை அழுத்திப் பொருத்த பிரஸ் வேண்டும். பாதி வழியில் மாற்றுகிற வேலை இல்லை அது.

அன்றைய தோட்டத்தில் வாரண்டித் தகராறு என்பதற்கே இடமில்லை. வண்டி கம்பெனியுடையது, பட்டறை கம்பெனியுடையது, பாதையும் கம்பெனியுடையது. ஆக்சல் முறிந்தால் நட்டம் கம்பெனிக் கணக்கில் எழுதப்படும். ஓட்டிய தொழிலாளிக்குத் திட்டு விழுந்திருக்கும், கடன் விழவில்லை. தோட்டம் கலைந்தபோது வேலையும் வீடும் மட்டும் போகவில்லை. மோசமான பாதையின் செலவைச் சுமக்கிற பெரிய தோளும் போய்விட்டது. அதே பாதை, அதே மழை. முறிவின் விலை இப்போது தவணை கட்டுகிற தனி மனிதனின் தலையில்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். எஞ்சினில் பிறக்கும் சுழல்விசை கிளட்ச், கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், புரொப்பல்லர் சாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்சல் வழியாகச் சக்கரத்தை அடைகிறது. வழியில் அது பலமடங்கு பெருகுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் தருவது 400 நியூட்டன் மீட்டர் என்று வையுங்கள். முதல் கியர் அதை 4 மடங்காக்கும். டிரான்ஸ்பர் கேஸின் தாழ்நிலை இன்னும் 2.5 மடங்கு. டிஃபரன்ஷியலின் கிரவுன் பினியன் மேலும் 4 மடங்கு. உராய்வு இழப்பைக் கழிக்காமல் பார்த்தால் 16,000 நியூட்டன் மீட்டர். சாதாரணமாக இது நான்கு சக்கரத்துக்கும் பிரிந்து போகிறது. டயர் வழுக்கிவிடுவதால் முழு விசையும் தண்டை எட்டுவதில்லை. ஆபத்து வேறு ஒரு கணத்தில் இருக்கிறது. சேற்றில் சக்கரம் வெறுமனே சுழல்கிறது, ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இருக்கிறார், திடீரென டயர் ஒரு பாறையிலோ செம்பனை வேரிலோ பிடித்துக்கொள்கிறது. சுழன்றுகொண்டிருந்த அத்தனை இரும்பின் வேகமும் அந்தக் கணத்தில் ஒரே தண்டில் போய் நிற்கும். முறிவு அங்கே நடக்கும்.

டயர் அளவும் இதில் சேரும். 265/65 ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 30.5 அங்குலம். அதை 33 அங்குலமாக மாற்றினால் நெம்புகோல் 8 விழுக்காடு நீள்கிறது. டயர் பிடிக்கும்போது ஆக்சலுக்கு வரும் முறுக்கு அதே அளவு கூடும். கியர் விகிதமும் அதே அளவு கெட்டு, மேட்டில் கிளட்ச் அதிகம் வழுக்கும். வண்டியைத் தூக்கிக் கட்டினால் முன் ஆக்சலின் இணைப்புகள் கூடுதல் கோணத்தில் வேலை செய்ய வேண்டிவரும். இதையெல்லாம் செய்துவிட்டு முன் ஆக்சல் போனதற்கு விற்றவரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஈப்போ வட்டாரத்தில் போர்வீல் பிரியர்கள் இதைக் கேட்க விரும்புவதில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அதே சமயம், டயர் மாற்றியதைக் காரணம் காட்டி ஏர்கண்டிஷன் கம்பிரசருக்கு வாரண்டி மறுப்பதும் நியாயமில்லை. மாற்றத்துக்கும் பழுதுக்கும் தொடர்பு காட்ட வேண்டியது மறுப்பவரின் கடமை.

இன்னொரு பொதுவான பழுது தார்ச்சாலையில் பிறக்கிறது. பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் முன் ஆக்சலுக்கும் பின் ஆக்சலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் இரண்டும் இறுகப் பூட்டப்படும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் டயர் சற்று வழுக்கி இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்க முடியாது. அந்த முறுக்கம் டிரான்ஸ்பர் கேஸுக்குள்ளும் கிராஸ் இணைப்புகளிலும் ஏறிக்கொண்டே போகும். மிட்சுபிஷியின் சூப்பர் செலக்ட் போன்ற அமைப்புகளில் நடு டிஃபரன்ஷியல் உண்டு; அதற்குரிய நிலையில் வைத்துத் தாரிலும் ஓட்டலாம். ஒரு வண்டியில் சரியான பழக்கம் இன்னொன்றில் தவறு. மழைநாளில் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு நான்கு சக்கர இயக்கத்திலேயே ஏறுகிறவர்களிடம் இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். சாவி கொடுக்கும் நாளில் விற்பனையாளர் புளூடூத் இணைப்பைப் பொறுமையாகக் காட்டுகிறார். நான்கு சக்கர இயக்கத்தைப் போடும் இந்த ஒரு திருகைப் பற்றி ஒரு நிமிடம் பேசினால் எத்தனையோ டிரான்ஸ்பர் கேஸ் பிழைக்கும்.

பிறகு தண்ணீர். டிஃபரன்ஷியல் ஓடும்போது சூடேறும், உள்ளே காற்று விரியும். அது வெளியேற உறையின் மேல் ஒரு சிறு மூச்சுக்குழாய் இருக்கும். சூடான ஆக்சல் ஓடையில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலோ தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தாலோ சீல் வழியாகவோ குழாய் வழியாகவோ தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். மறுவாரம் வடிகால் போல்ட்டை அவிழ்த்தால் எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் கொழகொழவென்று வரும். கிரவுன் பினியனின் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் வழுக்கியும் போகின்றன. அந்த வழுக்கலைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த தனி எண்ணெய் வேண்டும். தண்ணீர் கலந்த எண்ணெயால் அந்தப் படலத்தைப் பிடித்துவைக்க முடியாது. நீரில் இறங்கிய பிறகு எண்ணெயைப் பார்க்கவோ மாற்றவோ சொல்வது கையேட்டில் இருக்கும். அதைச் செய்யாதவருக்கு வாரண்டி மறுக்கப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் கையேடு சொன்ன ஆழத்துக்குள் இறங்கி, சீல் சரியில்லாமல் தண்ணீர் புகுந்திருந்தால் அது வேறு கதை.

முறிந்த உலோகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதன் கதையைப் படிக்கலாம். ஒரே அடியில் முறுக்கி முறிந்த தண்டின் முகத்தில், மென்மையான எஃகாக இருந்தால், சுழித்த கோடுகள் தெரியும். கடினப்படுத்திய எஃகாக இருந்தால் முறிவு சாய்கோணத்தில் சுருளாக ஓடியிருக்கும். களைப்பால் மெல்ல மெல்ல விரிந்து முறிந்ததென்றால் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி அலையலையாகப் பரவிய கோடுகள் இருக்கும். கடைசியில் கிழிந்த சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக நிற்கும். அந்தத் தொடக்கப் புள்ளியில் ஒரு கீறலோ வார்ப்புக் குறையோ இருந்தால் சந்தேகம் உற்பத்தியாளர் பக்கம் திரும்பும். பல்லின் முகத்தில் குழிகள் என்றால் நாள்பட்ட சுமை; உரசல் கோடுகள் என்றால் எண்ணெய்க் குறை; நீலம் பாரித்திருந்தால் கடும் சூடு. ஒரு நல்ல உலோகவியலாளருக்கு அரை நாள் வேலை. தகராறில் இந்த அரை நாள் வேலை பெரும்பாலும் நடப்பதே இல்லை. பழைய பாகம் சேவை மையத்திலேயே தங்கிவிடுகிறது, எண்ணெய் வடிகாலில் போய்விடுகிறது, மிஞ்சுவது ‘தவறான பயன்பாடு’ என்று எழுதிய ஒரு தாள்.

மலேசியச் சட்டம் இந்தத் தாளுக்கு எவ்வளவு மதிப்புத் தருகிறது? பலர் நினைப்பதைவிடக் குறைவாகத்தான். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அது எந்தக் காரியத்துக்காகப் பொதுவாக விற்கப்படுகிறதோ அதற்குப் பொருந்த வேண்டும். பாதுகாப்பாக இருக்க வேண்டும். நீடித்து உழைக்க வேண்டும். தரத்தை எடைபோடும்போது பொருளின் தன்மை, விலை ஆகியவற்றோடு விற்பவரும் உற்பத்தியாளரும் அதைப் பற்றிச் சொன்னவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். என் வாதத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. ஆற்றில் பாய்ந்து மறுகரை ஏறும் வண்டியை விளம்பரத்தில் காட்டுகிற கம்பெனி அந்த விளம்பரத்தால் தன் தர அளவுகோலைத் தானே உயர்த்திக்கொள்கிறது. தோட்டப் பாதையில் மிதமான வேகத்தில் போன வண்டியின் டிஃபரன்ஷியல் ஓராண்டில் போனால், ‘நீங்கள் சேற்றில் ஓட்டினீர்கள்’ என்பது பதிலாகாது. நியாயமான பயனீட்டாளர் எதிர்பார்க்கிற அளவுக்கு மீறிய பயன்பாட்டால் கெட்டது என்றால் மட்டுமே விற்பவர் தப்பலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. எதிர்பார்ப்பை யார் வளர்த்தார்கள் என்ற கேள்வி அங்கே தானாக எழும்.

இந்தச் சட்டத்தை மீறி எந்த ஒப்பந்தமும் போட முடியாது என்கிறது 6ஆம் பிரிவு. ஆகவே வாரண்டிப் புத்தகத்தின் விலக்குகள், கம்பெனி தானாகத் தரும் கூடுதல் வாக்குறுதிக்குத்தான் எல்லை வகுக்கும். சட்டம் தந்த உரிமைக்கு வகுக்க முடியாது. வாரண்டி மறுக்கப்பட்டது என்றவுடன் எல்லாம் முடிந்தது என்று திரும்பிவிடுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

ஒரு முடிச்சு உண்டு. சட்டம் பாதுகாப்பது பயனீட்டாளரை. சாதாரணமாகச் சொந்த, குடும்ப உபயோகத்துக்கு வாங்கப்படும் வகைப் பொருளை வாங்குகிறவரை. பிக்கப் வண்டி அந்த வகையா, சரக்கு வண்டியா? குலை ஏற்றுகிறவரிடம் இந்தக் கேள்வி கட்டாயம் கேட்கப்படும். இங்கே பூஞ்சாக் நியாகா நிறுவனத்துக்கும் என்.இஸட். வீல்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு உதவும். பழுதான மெர்சிடிஸ் காரைப் பற்றிய அந்த வழக்கில், வாங்கியது ஒரு கம்பெனி என்பதால் மட்டும் அது பயனீட்டாளர் என்ற தகுதியை இழக்காது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. வாங்கியவர் யார் என்பதைவிடப் பொருள் எந்த வகை என்பதே முதல் சோதனை. மலேசியாவில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடுவதும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதும் அதே பிக்கப்பில்தான் என்பதைப் பார்க்கிற எந்த நடுவரும் அதைக் குடும்ப வண்டி வகையில் சேர்க்கத் தயங்கக் கூடாது.

ஓட்டுநர் மேல் பழிபோடும் வழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய சான்று உண்டு. அது சிறிய கார்களைப் பற்றியது. ஆனால் பாடம் பொதுவானது. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் பொருத்திய ஃபியஸ்டா, ஃபோக்கஸ், ஈகோஸ்போர்ட் கார்கள் அதிர்ந்தன, திணறின. புகார் சொன்னவர்களில் பலரிடம் அது அவர்கள் ஓட்டும் விதத்தால் வருவது என்று சொல்லப்பட்டது. பழுது பரவலானது என்று கம்பெனி அறிந்திருந்தும் அப்படி நடந்தது. 2018 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நம்மூர்ச் சாலைகளில் தினம் பார்க்கிற ஹைலக்ஸும் அந்நாட்டு நீதிமன்றம் ஏறியது. ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் 2,64,170இன் புகை வடிகட்டி அமைப்பில் குறை என்று 2022இல் தீர்ப்பாயிற்று. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டும்போதே அது சரியாக வேலை செய்யவில்லை. இழப்பீட்டின் அளவு பற்றிய வாதம் 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் வரை போய்த் திரும்பி வந்தது. ஒருவர் தனியாகச் சொன்னால் ஓட்டத் தெரியாதவர். இரண்டரை லட்சம் வண்டிகள் சேர்ந்தால் குறை வடிவமைப்பில் என்பது தெரிந்துவிடுகிறது. இந்தியாவில் வேறு எல்லை வகுக்கப்பட்டது: மாருதி நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி நிபந்தனை சொல்வது பழுதான பாகத்தை மாற்றுவதைத்தான், காரையே மாற்றுவதை இல்லை என்றது. மலேசியச் சட்டத்தின் 41, 46ஆம் பிரிவுகள் பயனீட்டாளருக்கு இதைவிடத் தாராளமானவை. குறை கடுமையானது என்றால் வண்டியையே திருப்பித் தரும் உரிமை உண்டு. சீர்செய்ய மறுத்தாலோ தாமதித்தாலோ வெளியே பழுதுபார்த்துச் செலவைக் கேட்கவும் முடியும்.

இந்த உரிமையைக் கேட்குமிடம் பயனீட்டாளர் நடுவர் மன்றம். ஈப்போவிலும் அது விசாரணை நடத்துகிறது. கட்டணம் 5 வெள்ளி. 2019 முதல் 50,000 வெள்ளி வரை கோரலாம். ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் விலையுள்ள புது வண்டியைத் திருப்பித் தர இது போதாது; கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் செலவுக்குத் தாராளமாகப் போதும். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞருக்கு அனுமதியில்லை. இது ஏழைக்குச் சாதகம் என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. கம்பெனி சார்பில் வருகிறவர் இந்த வேலையையே செய்கிற ஊழியர். தொழில்நுட்ப அறிக்கை அவர் கையில் இருக்கும். எதிரே நிற்பவரிடம் கோபமும் ரசீதுகளும் மட்டும் இருக்கும். அந்த நிலையில்தான் முறிந்த பாகமும் ஒரு புட்டி பழைய எண்ணெயும் பேச வேண்டியிருக்கிறது. வேலைச் சீட்டில் கையெழுத்திடும் முன் ‘கழற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்’ என்று ஒரு வரி எழுதுங்கள். கழற்றும்போது தேதி தெரியப் படம் எடுங்கள். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், எந்தச் சோதனையின் பேரில் என்று கேளுங்கள். தகராறு தீரும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். வாடகைக் கொள்முதலில் வண்டி சட்டப்படி வங்கியுடையது, நிறுத்தினால் வண்டியோடு சான்றும் இழுத்துச் செல்லப்படும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்றவை தமிழிலேயே வழி சொல்லும். கடிதத்தைத் தமிழில் யோசித்து மலாயில் எழுதத் திணறுகிறவர்கள் அங்கே போகலாம்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் லெமன் சட்டம் நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், ஒப்படைக்கும்போதே அது இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது விற்பவர் பொறுப்பு. மலேசியாவிலும் அப்படியொன்று வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. வரட்டும். ஆனால் ஆக்சல், கியர் பாகங்களின் களைப்பு ஆறு மாதத்தில் தெரிகிற நோய் இல்லை. பதினான்காம் மாதத்தில் முறிகிற ஆக்சலுக்கு அந்த ஆறு மாத அனுமானம் கைகொடுக்காது. தோட்டப் பாதையில் ஓட்டுகிறவருக்கு அதைவிடப் பயன்படக்கூடியவை இரண்டு. வாரண்டி மறுக்கும் சேவை மையம் கழற்றிய பாகத்தையும் எண்ணெய் மாதிரியையும் தகராறு முடியும்வரை முத்திரையிட்டு வைக்க வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு வண்டியின் வாரண்டிப் புத்தகமும் எவ்வளவு ஆழம், எவ்வளவு பாரம், எந்தச் சரிவு, எந்தப் பாதை வரை தன் பொறுப்பு என்று மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எண்களோடு எழுத வேண்டும். விளம்பரப் படத்தில் காட்டும் ஆறு அந்த எண்ணைவிட ஆழமாக இருக்கக் கூடாது.